ஹாட் வீல்ஸ் வண்டி அசலா, போலியா: அறிகுறி வாரியாகச் சோதிக்கும் முறை

மாதத்தில் நாலைந்து பேராவது ஒரு குட்டிக் காரைக் கையில் கொண்டுவந்தோ, படம் எடுத்து அனுப்பியோ, "அண்ணா, இது டூப்ளிகேட்டா?" என்று கேட்கிறார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். இத்தனை வருடம் பார்த்ததில் ஒன்று தெளிவு. போலி என்று பயந்து கொண்டுவரப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை அசல். அசல் என்று நம்பி ஐயாயிரம், பத்தாயிரம் கொடுத்து வாங்கியவற்றில்தான் கோளாறு இருக்கிறது. அங்கேயும் வண்டி பெரும்பாலும் ஹாட் வீல்ஸ் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் செய்ததாகவே இருக்கும். பிறகு யாரோ அதன்மேல் கைவேலை காட்டியிருப்பார்கள்.

எனவே உங்கள் வண்டியில் எது உறுத்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பணம் போகும் காரணம் கடைசியில்.

கையில் இருக்க வேண்டியவை: நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லூப்பு, கைபேசி டார்ச், சின்னக் காந்தம், கிராமில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் தராசு, கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு. இவை எல்லாவற்றையும்விடப் பயன்படுவது, அதே வார்ப்பில் (அதாவது ஒரே அச்சில் வார்த்த அதே மாதிரியில்) வந்த, நம்பிக்கையான கடையில் வாங்கிய இன்னொரு சாதாரண வண்டி. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்று இல்லாவிட்டால் பாதிச் சோதனைகள் ஊகமாகிவிடும்.

அறிகுறி 1: அட்டை வழக்கமானதுபோல் இல்லை

அட்டை சின்னதாக இருக்கிறது

போலி இல்லை. ஒரே வண்டி நீள அட்டையிலும் குட்டை அட்டையிலும் வருகிறது. அமெரிக்கக் கடைகளுக்கு நீள அட்டை. பல வெளிநாட்டுச் சந்தைகளுக்குக் குட்டை அட்டை. இந்தியாவில் இரண்டும் கிடைக்கின்றன. சேகரிக்கத் தொடங்கிய புதிதில், குட்டை அட்டை என்ற ஒரே காரணத்துக்காக நல்ல வண்டி ஒன்றைக் கடையில் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் பொறுமையாகத்தான் இருந்தார். அந்த வண்டி பிறகு எனக்குக் கிடைக்கவேயில்லை.

ஐஎஸ்ஐ முத்திரை இல்லை

14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அதற்கு முன் வந்த வண்டியிலும், உறவினர் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த வண்டியிலும் அது இருக்காது. இந்த இரண்டு வழியிலும் வராத வண்டி, அதுவும் இப்போது புதிதாகக் கடையில் தொங்கும் வண்டி என்றால்தான் கேள்வி எழ வேண்டும்.

முத்திரை இருந்தாலும் அதை நம்பி நின்றுவிட வேண்டாம். அச்சடிக்கத் தெரிந்தவனுக்கு ஐஎஸ்ஐ முத்திரையையும் அச்சடிக்கத் தெரியும். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 9873 என்ற தர எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால், உரிமம் எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தொழிற்சாலைக்கு என்று காட்டும். எண்ணே இல்லை என்று வந்தாலோ, சம்பந்தமில்லாத ஒரு பொருளின் உரிமம் வந்தாலோ அந்த வண்டியைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். சேகரிப்பு அப்புறம், அந்தப் பெயின்ட் எந்தச் சோதனையும் காணாமல் வந்திருக்கலாம்.

எழுத்து மங்கல், நிறம் வெளிறல்

வெளிறியதற்கு முதல் காரணம் வெயில். கடை வாசலில் தொங்கிய அட்டையில் சிவப்பு முதலில் போகும், நீலம் தாக்குப்பிடிக்கும். பிளாஸ்டிக் கூடு மஞ்சளாவதும் வயதுதான்.

மங்கல் என்றால் லூப்பை எடுங்கள். அசல் அட்டையின் பின்புறப் பொடி எழுத்துகள் எத்தனை சிறிதானாலும் விளிம்பு கூர்மையாக, ஒரே கறுப்பு மையில் இருக்கும். அசலை ஸ்கேன் செய்து அடித்த அட்டையில் அதே எழுத்துகள் பல வண்ணப் புள்ளிகளால் ஆனதாக, ஓரம் கரைந்து தெரியும். படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படம் எதிலும் புள்ளிதான். பொடி எழுத்தைப் பாருங்கள்.

கூட்டைப் பிரித்து மீண்டும் ஒட்டியதுபோல் இருக்கிறது

இங்கேதான் கவனம் வேண்டும். தொழிற்சாலையில் பிளாஸ்டிக் கூட்டை அட்டையோடு சூட்டில் அழுத்தி ஒட்டுகிறார்கள். ஓரம் முழுவதும் ஒரே சீரான அழுத்தத் தடம் இருக்கும். பசை என்று தனியாக எதுவும் தெரியாது. பிரித்தால் அட்டையின் அச்சுப் படலம் கூடவே கிழிந்து வரும். ஆகவே:

கூட்டின் ஓரத்தில் நார்போல் வெள்ளைக் காகிதம் தெரிகிறதா? பசை வழிந்து உறைந்த முத்து இருக்கிறதா? இருட்டில் ஊதா விளக்கை அடித்தால் ஓரத்தின் ஒரு பகுதி மட்டும் வேறு நிறத்தில் ஒளிர்கிறதா? ஒன்று இருந்தாலும் பிரிக்கப்பட்ட கூடுதான்.

அட்டையின் பின்புறத்தையும் தடவிப் பாருங்கள். பிளேடால் கீறி, வண்டியை மாற்றி, மேலே விலைச் சீட்டை ஒட்டி மறைப்பது உண்டு. சீட்டுக்குக் கீழே விரலால் அழுத்தும்போது பள்ளம் தட்டுப்பட்டால் அந்த அட்டையை விட்டுவிடுங்கள்.

நல்ல கடையில் வாங்கியதிலும் இது நடக்கும். அரிய வண்டியை வாங்கிப் போய், கூட்டுக்குள் வேறொரு தேய்ந்த காரை வைத்து ஒட்டி, பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர் பார்க்காமல் மீண்டும் தொங்கவிடுகிறார். அட்டையில் இருக்கும் பெயரும் வண்டியின் அடியில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

அறிகுறி 2: அடித்தட்டில் உள்ள ஆண்டு பொருந்தவில்லை

என்னிடம் வரும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். "நேற்று வாங்கிய வண்டியில் 1969 என்று போட்டிருக்கிறதே?"

அது வண்டி செய்த ஆண்டு அல்ல. அந்த வார்ப்பின் பதிப்புரிமை ஆண்டு. 1969இல் வடிவமைத்த வார்ப்பை நேற்று தயாரித்தாலும் அடியில் 1969தான் இருக்கும். இதை வைத்து ஏமாற்றுபவர்களும் உண்டு. இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் புது வண்டியைக் கூட்டிலிருந்து எடுத்து, மண்ணில் புரட்டி, "1969 மாடல், தாத்தா காலத்தது" என்று நாலாயிரம் சொல்வார்கள்.

செய்த நாளைத் தெரிந்துகொள்ள வேறொரு குறியீடு இருக்கிறது. அடித்தட்டில் எங்காவது ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் பொறித்தோ மையில் அடித்தோ இருக்கும். எழுத்து ஆண்டு, இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. 2008இல் ஏ என்று தொடங்கி ஆண்டுக்கு ஓர் எழுத்து. ஐ, ஓ இரண்டும் கிடையாது. அந்தக் கணக்கில் 2018க்கு எல், 2019க்கு எம், 2020க்கு என், 2022க்கு கியூ, 2023க்கு ஆர், 2024க்கு எஸ். கியூ 12 என்றால் 2022இன் பன்னிரண்டாவது வாரம்.

இதை வைத்து மூன்று கிளைகள்:

அட்டையில் 2023 வரிசை, குறியீட்டில் கியூ 38. கவலை வேண்டாம். அடுத்த ஆண்டு வண்டியை முந்தைய ஆண்டின் பின்பாதியிலேயே செய்யத் தொடங்கிவிடுவார்கள்.

இறக்குமதிச் சீட்டில் உள்ள மாதம் குறியீட்டு வாரத்துக்கு முந்தியது. வண்டி பிறக்கும் முன்பே கப்பலில் ஏறியதாக ஆகிறது. அட்டை ஒன்று, வண்டி வேறு. கூட்டைப் பிரிக்காமலே கீழ்ப்புறமாக டார்ச் அடித்து இந்தக் குறியீட்டைப் பல வண்டிகளில் படித்துவிடலாம். நான் அதிகப் பேரைக் காப்பாற்றியது இந்த ஒரு சோதனையால்தான்.

குறியீடே இல்லை. 2008க்கு முந்தைய வண்டியாக இருக்கலாம், மை அழிந்திருக்கலாம், அடித்தட்டே மாற்றப்பட்டிருக்கலாம். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அறிகுறி 4இல் உள்ள ரிவெட் சோதனைக்குப் போங்கள்.

அடியில் 1186 எம்ஜே, 1, என்எல் என்று புரியாத ஓர் எழுத்து வரிசை இருந்தால் அதுவும் அசல்தான். மேட்டலின் நெதர்லாந்து அலுவலக முகவரியின் அஞ்சல் குறியீடு அது. "என்எல் என்று போட்டால் நகல் என்று அர்த்தம்" என்று யாரோ கிளப்பிவிட்டதை இன்னும் நம்புகிறார்கள். மலேசியா, தாய்லாந்து என்று இருப்பதும் சரி. இன்றைய வண்டிகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன. அமெரிக்கா என்று இருந்தால்தான் அசல் என்ற நினைப்பை விடுங்கள்.

அறிகுறி 3: எடை குறைவாக, பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது

சாதாரண வரிசை வண்டியில் மேலுடல் உலோகமாக இருந்தால் அடித்தட்டு பெரும்பாலும் பிளாஸ்டிக். சிலவற்றில் தலைகீழாக, மேலே பிளாஸ்டிக், கீழே உலோகம். இரண்டும் உலோகமாக வருவது விலை கூடிய வரிசைகளில். எனவே "அடியில் பிளாஸ்டிக், போலி" என்பது தவறான கூற்று.

காந்தத்தை வண்டியின் மேல் வையுங்கள். உடல் துத்தநாகக் கலவை, ஒட்டாது. சக்கரத்தைத் தாங்கும் இருசு எஃகுக் கம்பி. அங்கே மட்டும் இழுக்கும். உடலிலேயே காந்தம் பிடித்தால் அது தகர வண்டி. மேற்கொண்டு சோதிக்க வேண்டியதில்லை.

இதிலும் தேறினால் அதே வார்ப்பின் இன்னொரு வண்டியோடு எடை போடுங்கள். ஒன்றிரண்டு கிராம் வித்தியாசம் பொருட்டில்லை. அதற்கு மேல் போனால் கதவுக் கோடு, கண்ணாடி விளிம்பு, முன்விளக்கு ஆகியவற்றை லூப்பில் ஒப்பிடுங்கள். அசல் வண்டியையே அச்சாக வைத்து அச்செடுத்து வார்த்த நகலில் கோடுகள் சோப்பில் செதுக்கியதுபோல் மழுங்கியிருக்கும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் நீளம் ஒரு மயிரிழை குறையும். வெர்னியர் அளவி உள்ளவர்கள் இருசுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தால் தெரிந்துவிடும்.

ஒருவர் தம் வண்டியைத் தங்கத்துக்கு டச் பார்க்கும் இடத்தில் கொடுத்து உலோகத்தைச் சோதித்துவந்தார். துத்தநாகம் என்று சீட்டு வந்தது. நகல் செய்பவரும் துத்தநாகத்தில்தான் வார்க்கிறார். போன பணம் போனதுதான்.

அறிகுறி 4: ரப்பர் டயர், மின்னும் நிறம், "சூப்பர்" என்கிறார்கள்

பணம் அதிகம் கைமாறும் இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ட்ரெஷர் ஹன்ட் என்ற அரிய வரிசையை மேட்டல் 1995இல் தொடங்கியது. பன்னிரண்டு வகை வண்டிகள், ஒவ்வொரு வகையிலும் பத்தாயிரம் எண்ணிக்கை. 2007 முதல் அதற்குள்ளேயே சூப்பர் என்று ஒரு மேல்தட்டு உருவானது. சூப்பர் வண்டிக்கு மூன்று அடையாளங்கள்: உள்ளிருந்து ஒளிர்வதுபோன்ற ஸ்பெக்ட்ராஃபிளேம் பெயின்ட், ரப்பர் டயர், உடலில் எங்காவது டி, எச் இரண்டும் சேர்ந்த சின்னம். அண்மை ஆண்டுகளின் நீள அட்டையில் வண்டிக்குப் பின்னால் தங்க நிற வட்டத்துக்குள் சுடர் இருக்கும். சாதாரண ட்ரெஷர் ஹன்ட்டில் சுடர் உண்டு. ஆனால் டயர் பிளாஸ்டிக், பெயின்ட் வழக்கமானது.

ரப்பர் டயர் இருக்கிறது, டி-எச் சின்னம் இல்லை

ஏமாற்று வேலை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். விலை கூடிய பிரீமியம் வரிசைகள் எல்லாவற்றிலும் ரப்பர் டயர்தான். கூட்டிலிருந்து எடுத்த பிரீமியம் வண்டியைத் தெரியாமல் சூப்பர் என்று சொல்லியிருப்பார் விற்பவர். அடித்தட்டு உலோகமா என்று பாருங்கள். உலோகமாக இருந்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். வண்டி அசல், விலைதான் தவறு.

அடித்தட்டு பிளாஸ்டிக், சின்னமும் இல்லை என்றால் யாரோ பிரீமியம் வண்டியின் சக்கரத்தைக் கழற்றி இதில் மாட்டியிருக்கிறார்கள். சேகரிப்பாளர்களிடையே சக்கரம் மாற்றுவது ஒரு பொழுதுபோக்கு. மாற்றியது என்று சொல்லி விற்றால் அதில் தவறே இல்லை. மறைத்தால்தான் மோசடி.

மூன்றும் இருக்கின்றன, ஆனாலும் மனம் ஒப்பவில்லை

முதல் சோதனை, பட்டியல். சில ஆண்டுகளாக ஆண்டுக்குப் பதினைந்து சூப்பர்தான். எந்த வார்ப்பு, எந்த நிறம், எந்தச் சக்கரம் என்று சேகரிப்பாளர்கள் படத்தோடு தொகுத்து வைத்திருக்கிறார்கள். பட்டியலில் இல்லாத நிறத்தில் ஒரு சூப்பர் வந்தால் அது சூப்பரே இல்லை. "சோதனை ஓட்டத்தில் தப்பி வந்தது" என்ற கதையைக் கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இரண்டாவது, ரிவெட். வண்டியைக் கவிழ்த்தால் முன்னும் பின்னும் காளான் தலைபோல் நசுக்கிய ஆணித் தலைகள் தெரியும். சக்கரத்தின் இருசு உடலுக்கும் அடித்தட்டுக்கும் இடையில் சிக்கியிருப்பதால், ஒழுங்காகச் சக்கரம் மாற்ற வேண்டுமானால் இந்தத் தலையைத் துளைத்துத்தான் வண்டியைத் திறக்க வேண்டும். அசல் தலை வழுவழுப்பாக, வட்டமாக, தட்டோடு ஒட்டி இருக்கும். துளைத்த இடத்தில் திருகாணி, பசை, கறுப்பு மை பூசிய பள்ளம், சுற்றிலும் துளைக்கருவி வழுக்கிய கீறல் என்று ஏதாவது ஒன்று அகப்படும். பசையின்மேல் வெள்ளிப் பெயின்ட் தொட்டுவைத்துத் தந்திரம் செய்தவரும் உண்டு. ஊசியால் மெதுவாக அழுத்தினால் உலோகம் உள்ளே போகாது, பசை குழியும்.

மூன்றாவது, ரிவெட்டைத் தொடாமலே சக்கரம் மாற்றும் வேலை. இருசை நடுவில் வெட்டி, புதுச் சக்கரத்தின் கம்பியை மெல்லிய குழாயால் இணைத்துவிடுவார்கள். டார்ச்சை அடித்தட்டின் இடுக்கு வழியே அடித்தால் குழாயின் தடிப்பு தெரியும். முன்சக்கரம் இரண்டும் ஒரே தளத்தில் சுழலாமல் ஒன்று தலையாட்டும்.

நான்காவது, டி-எச் சின்னமும் பக்கவாட்டுப் படங்களும். தொழிற்சாலையில் ரப்பர் முத்திரைபோல் மையை நேராக உடலில் ஒற்றி எடுக்கிறார்கள். வெளிச்சத்தைச் சாய்வாகக் காட்டினால் மை மட்டும்தான் தெரியும். பெயின்டை மாற்றியவர் பழைய படத்தை இழந்துவிடுவதால், நீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கரை நாட வேண்டியிருக்கும். அதன் கண்ணாடிப் படலத்துக்கு ஓர் ஓரம் உண்டு. சாய்ந்த வெளிச்சத்தில் எழுத்தைச் சுற்றிக் குளம்போல் ஒரு பளபளப்பு தெரிந்தால் அதுதான்.

நிபுணரிடம் போக வேண்டிய கட்டம்: ரிவெட் சுத்தமாக இருக்கிறது, பட்டியலும் ஒத்துப்போகிறது, பெயின்ட் மட்டும் உறுத்துகிறது, விலையோ ஐந்து இலக்கத்தில் என்றால். உங்கள் ஊரில் அதே சூப்பரை வைத்திருக்கும் சேகரிப்பாளரைத் தேடி, இரண்டையும் பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்ய விற்பவர் மறுத்தால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

அறிகுறி 5: பெயின்ட் தடிப்பாக, திட்டுத்திட்டாக இருக்கிறது

தூசி படிந்த புள்ளியும் மெல்லிய ஆரஞ்சுத் தோல் போன்ற பரப்பும் தொழிற்சாலையிலேயே நேர்வதுதான். லட்சக்கணக்கில் செய்யும் பொருளில் இதை எதிர்பார்க்க வேண்டும்.

கதவுக் கோடு பெயின்டால் பாதி நிரம்பியிருந்தால், சக்கர வளைவின் உள்விளிம்பில் வேறொரு நிறம் எட்டிப் பார்த்தால், கண்ணாடியின் ஓரத்தில் பொடித் துளி தெறித்திருந்தால் மறுபடி அடித்த பெயின்ட். ஸ்பெக்ட்ராஃபிளேம் என்பது மெருகேற்றிய உலோகத்தின் மேல் அடிக்கும் கண்ணாடி போன்ற பூச்சு. போலியில் வெள்ளிப் பெயின்ட் அடித்து அதன்மேல் வண்ணம் அடிப்பார்கள். லூப்பில் பார்த்தால் பொடிப் பொடியான வெள்ளி மினுக்கு தெரியும். அசலில் உலோகத்தின் ஒரே பளபளப்பு.

நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அசல் பெயின்டும் அதில் கரையும். சோதனை முடியும்போது உங்கள் கையில் அசல் என்று நிரூபிக்கப்பட்ட பாழான வண்டி ஒன்று இருக்கும்.

அறிகுறி 6: "தொழிற்சாலைப் பிழை" என்று கூடுதல் விலை

சக்கரம் மாறிப்போனது, ஒரு பக்கம் படம் அச்சாகாதது, உள்ளே இருக்கை இல்லாதது ஆகிய பிழை வண்டிகளுக்கு ஒரு சந்தை இருக்கிறது. பிரிக்காத கூட்டுக்குள் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. வெளியே எடுத்த பிழை வண்டிக்கு நான் பத்து ரூபாய்கூடக் கூட்டித் தர மாட்டேன். படத்தை அழிக்க ஐந்து நிமிடம் போதும். அழித்த இடத்தில் பெயின்டின் பளபளப்பு மாறியிருக்கும், பழைய படத்தின் நிழலும் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். கூட்டுக்குள் இருந்தால் அறிகுறி 1இன் கடைசிக் கிளைக்குத் திரும்புங்கள்.

அறிகுறி 7: டயரில் சிவப்புக் கோடு, "1968 வண்டி"

ஹாட் வீல்ஸ் 1968இல் பதினாறு வண்டிகளோடு பிறந்தது. அப்போதிலிருந்து 1977 வரை டயரில் மெல்லிய சிவப்புக் கோடு. அந்தக் காலத்து வண்டிகளை ரெட்லைன் என்பார்கள். நம் ஊரில் இவை அத்தி பூத்தாற்போல்தான் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய குடும்பப் பெட்டிகளில் எப்போதாவது ஒன்று.

எளிய காரணம் முதலில்: மேட்டலே பிற்காலத்தில் பழைய மாதிரிகளைச் சிவப்புக் கோட்டோடு மறுபடி வெளியிட்டிருக்கிறது. இருபத்தைந்தாம் ஆண்டை ஒட்டி 1993இல் ஒரு தொகுப்பு வந்தது, பின்னரும் பல. எல்லாம் அசல் பொருள்தான், பழையவை அல்ல. அடித்தட்டைப் பாருங்கள். 1968இன் வண்டியில் அமெரிக்கா அல்லது ஹாங்காங் என்றுதான் இருக்கும். சீனா, மலேசியா, தாய்லாந்து என்று இருந்தால் தாத்தா காலத்துக் கதை அங்கேயே முடிந்தது.

அடுத்து, உடலில் வண்ணப் படம் ஒற்றியிருக்கிறதா? அந்த ஒற்றுமுறை 1974இல்தான் வந்தது. 1968 என்று சொல்லப்படும் வண்டியின் பக்கவாட்டில் ஒற்றிய தீப்பிழம்பு இருந்தால் ஆண்டு தவறு, அல்லது வண்டி தவறு.

அடுத்து, வண்டி மிக அழகாக இருக்கிறதா? ஐம்பது வருடத்துக்கு மேலான ஸ்பெக்ட்ராஃபிளேமில் ஆங்காங்கே கருமை படர்ந்திருப்பது வழக்கம். எங்குமே கருமை இல்லாமல் ஒரே சீராக மின்னினால், ஒன்று பெட்டியிலேயே உறங்கிய வண்டி, இல்லையேல் புதுப்பித்த வண்டி. இரண்டையும் பிரிப்பது ரிவெட் சோதனைதான்.

பின்பக்கக் கண்ணாடி வழியே அலைச்சறுக்குப் பலகைகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபோக்ஸ்வாகன் பீச் பாம்ப் யாராவது கொண்டுவந்தால் ஒன்றும் சோதிக்க வேண்டாம். 1969இன் அந்த வடிவம் மாதிரி வண்டியோடு நின்றுவிட்டது. உடல் குறுகலாக இருந்ததால் ஓடுபாதையில் தள்ளிவிடும் கருவியோடு ஒத்துவரவில்லை. அகலப்படுத்தி, பலகைகளைப் பக்கவாட்டுக்கு மாற்றித்தான் கடைக்கு அனுப்பினார்கள். அந்த மாதிரி வண்டிகள் கோடி ரூபாய்க் கணக்கில் பேசப்படுபவை. பழைய பொருள் கடைத் தெருவில் அது உருண்டுவராது.

நிபுணர்: ரெட்லைன் என்று உறுதியாகத் தோன்றினால் சுத்தம் செய்யாதீர்கள், துடைக்கக்கூடச் செய்யாதீர்கள். வண்டியைச் சோதித்து, தரம் குறித்து, கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டியில் முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. அஞ்சல், காப்பீடு, கட்டணம் எல்லாம் சேர்த்தால் வண்டியின் மதிப்பு சில பத்தாயிரங்களைத் தாண்டினால்தான் கட்டுப்படியாகும். பழைய பொம்மைகளை விற்கும் ஏல நிறுவனங்களுக்குப் படம் அனுப்பிக் கேட்பது அதற்கு முந்தைய படி.

அறிகுறி 8: பெயர் ஒரு மாதிரி மாறியிருக்கிறது

எழுத்தில் சிறு மாற்றம் செய்து விற்கும் மலிவு நகல்கள் ஏராளம்; அட்டையின் தீப்பிழம்புச் சின்னத்தை மட்டும் திருடிக்கொண்டு பெயரை மாற்றியிருப்பார்கள். இவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விளையாட வாங்கினால் விளையாடுங்கள், ஐஎஸ்ஐ பார்த்துக்கொண்டு.

ஆனால் தூக்கி எறிவதற்கு முன் இரண்டு பெயர்களை நினைவில் வையுங்கள். அடியில் நிக்கி என்று எழுதிய கனமான பழைய கார் கிடைத்தால் அது டிங்கியின் நகல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இங்கிலாந்தின் டிங்கி நிறுவனத்தின் பழைய அச்சுகளையே கொண்டுவந்து கல்கத்தாவில் வார்த்த வண்டிகள் அவை. டிங்கி என்ற பெயரை அச்சில் மாற்றி நிக்கி என்று ஆக்கினார்கள். பூச்சு கரடுமுரடாக இருக்கும், சக்கரம் எளிமையாக இருக்கும். அந்தக் கரடுமுரடுக்காகவே வெளிநாட்டில் தேடி வாங்குகிறார்கள். மற்றொன்று லியோ மேட்டல். இந்தியாவிலேயே தயாரான பழைய ஹாட் வீல்ஸ் இந்தப் பெயரில் வந்தன. வேறெங்கும் வராத நிறங்கள் இவற்றில் உண்டு என்பதால், பன்னாட்டுப் பட்டியலில் நிறம் இல்லை என்று போலி முத்திரை குத்திவிடுவார்கள். சூப்பருக்குச் சொன்ன பட்டியல் சோதனை இங்கே செல்லாது. என் அத்தை வீட்டுப் பரணில் இப்படி ஒரு டப்பா இருந்தது. நான் விவரம் தெரிந்து கேட்கப் போனபோது அது பழைய பேப்பர்காரரிடம் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது.

அறிகுறி 9: வண்டி கையில் இல்லை, படம் மட்டும்தான்

படத்தில் ரிவெட்டை அழுத்த முடியாது, எடை போட முடியாது. எனவே விற்பவரிடம் ஆறு படம் கேளுங்கள்: அடித்தட்டு, இரண்டு ரிவெட்டும் தனித்தனியாக, அட்டையின் பின்புறம், கூட்டின் நான்கு ஓரங்களும் தெரிய ஒன்று, வண்டிக்குப் பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டோடு ஒன்று. கடைசிப் படம்தான் முக்கியம். அவரிடம் வண்டி இருக்கிறதா என்பதே பல நேரம் சந்தேகம். அசல் வண்டியின் படத்தை எங்கிருந்தோ எடுத்துப் போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள்.

"இன்னொருவர் காத்திருக்கிறார், பத்து நிமிடத்தில் பணம் போடுங்கள்" என்று அவசரப்படுத்தினால் அந்த இன்னொருவரே வாங்கிக்கொள்ளட்டும்.

பார்சல் வந்தால் பிரிப்பதை முதல் வெட்டிலிருந்து காணொளி எடுங்கள். பிறகு எடுத்த காணொளியை யாரும் ஏற்பதில்லை.

பணம் போய்விட்டது என்றால்

விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கத்துவதால் சான்று எதுவும் மிஞ்சாது. "இந்த வண்டியின் பின் ரிவெட் துளைக்கப்பட்டிருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று குற்றத்தைக் குறிப்பாகச் சொன்னால் பாதிப் பேர் தந்துவிடுகிறார்கள். அவர்களும் யாரிடமோ ஏமாந்து வாங்கியிருப்பார்கள்.

இணையக் கடையில் வாங்கியது என்றால் அதன் திரும்பப்பெறும் காலம் முடிவதற்குள் புகாரைப் பதியுங்கள். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தைக் கைபேசி வழியே அனுப்பி, விற்பவர் மறைந்துவிட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930; அன்றே அழையுங்கள், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன்பு முடக்கினால்தான் மீட்க வழி உண்டு. வண்டி, அட்டை, கூடு, பார்சல் உறை எதையும் தூக்கிப் போடாதீர்கள். புகார் முடியும்வரை அந்தத் திருகாணியைக் கழற்றிப் பார்க்கும் ஆசையையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.